ஹுவைஷிலின் அங்கியைத் துவைத்த கதை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த அங்கியைத் துவைத்ததில் எனக்குக் கடுகளவும் வருத்தமில்லை. நாளைக்கே இன்னொன்று அகப்பட்டாலும் துவைப்பேன். அது அப்படி இப்படி நாற்றமில்லை. கூடாரத்தின் நடுக்கம்பில் மாட்டினால் ஆடுகள் அந்தப் பக்கம் படுக்காது. ஈக்கள் வந்து எட்டிப் பார்க்கும், அவையும் வெகுநேரம் தங்குவதில்லை.

அங்கி என் கணவர் ஹுவைஷிலுடையது. வாங்கியபோது என்ன நிறம் என்று இரண்டு பேருக்குமே மறந்துவிட்டது. இப்போதெல்லாம் ஒட்டகம் கறக்கப் போகும்போது மட்டும் மாட்டிக்கொள்வார். எங்கள் ஆட்களில் ஆடு கறப்பது பெண்கள், ஒட்டகம் கறப்பது ஆண்கள். பெண் கை பட்டால் ஒட்டகத்துக்குப் பால் வற்றிவிடும், வீட்டின் பேரும் கெட்டுவிடும் என்பார்கள். பெண் கை பட்ட சோறு மட்டும் அவர்களுக்கு எப்படியோ வற்றுவதில்லை.

கறப்பதிலும் ஒரு முறை உண்டு. ஒற்றைக் காலில் நிற்கவேண்டும். மற்றக் காலை மடக்கி, பாதத்தை நிற்கும் காலின் முழங்காலுக்கு மேல் ஊன்றி, அந்தத் தொடையின்மேல் மரக் கிண்ணத்தை வைத்து, இரண்டு கையாலும் கறக்கவேண்டும். கறந்ததும் கிண்ணம் கை மாறிக்கொண்டே போகும். கறந்தவன் முதலில் வாய் வைக்கமாட்டான், எல்லாரும் குடித்த பிறகு கடைசியில்தான் அவனுக்கு. ஹுவைஷில் அந்தக் கடைசி வாயை ஏதோ பட்டம் வாங்குவதுபோலக் குடிப்பார்.

எங்கள் மணல்வெளியில் யாரிடமாவது ஹுவைஷில் என்று சொன்னால், “யாரு, ஸம்ஹாவோட ஹுவைஷிலா?” என்று கேட்பார்கள். ஸம்ஹா எங்கள் பெண் ஒட்டகம். அழகி, அது அவளுக்கும் தெரியும். நீண்ட இமைகளைப் பாதி மூடிக்கொண்டு, கீழுதடு தொங்க, நம்மை மேலிருந்து கீழாகப் பார்ப்பாள். என் மாமியார்கூட என்னை அப்படிப் பார்த்ததில்லை. கோடையில் தண்ணீர் லாரி வராமல் நாங்கள் எல்லாரும் நாக்கு வறண்டு கிடப்போம். அவள் எதுவுமே நடக்காத மாதிரி முள்ளை மென்றுகொண்டு நிற்பாள். லாரி வந்ததும் தொட்டியை ஒரே மூச்சில் பாதியாக்கிவிட்டு, மீதியை எங்களுக்குப் பிச்சை போட்ட மாதிரி நகர்ந்து போவாள்.

போன குளிரில் அவள் ஈன்ற கன்று தங்கவில்லை. பிறந்ததிலிருந்து அதனால் எழுந்து நிற்கவே முடியவில்லை, கால் நான்கும் நான்கு பக்கம் போகும். ஹுவைஷிலின் அங்கியில் அதைச் சுற்றி என் மடியில் போட்டுக்கொண்டு, அவர் கறந்து தந்த பாலை விரலால் தொட்டுத் தொட்டு ஊட்டினேன். தூங்கவைக்க ஏதோ முனகுவேன். பாட்டு என்று சொல்லமுடியாது, எனக்குப் பாட வராது. ஸம்ஹா பக்கத்தில் மடங்கி உட்கார்ந்து என் தோளில் தாடையை வைத்துக்கொள்வாள். ஒருநாள் காலையில் ஊட்டிய பால் கன்றின் வாயோரமாக வழிந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் ஸம்ஹாவிடம் போகவில்லை. கறப்பது என் வேலையில்லையே, எனக்கு அங்கே என்ன என்று சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

இப்போது பகீத்துக்கு வருவோம். பகீத்தின் மகன் ஹமூதை எங்கள் மகள் நத்ராவுக்குப் பிடித்திருந்தது. ஹமூத் நல்ல பையன். பேச்சு வராது, ஆனால் மணலில் சிக்கிய எந்த வண்டியையும் கிளப்பிவிடுவான். நத்ராவின் பிக்கப் அவன் இருக்கும் பக்கமாகவே அடிக்கடி சிக்கியது. பிறந்ததிலிருந்து மணலில் ஓட்டுகிறவளுக்கு அது எப்படிச் சிக்கும் என்று நான் கேட்கவில்லை.

பகீத்தான் சிக்கல். அவருக்கென்று ஒரு பிடிவாதம் இருந்தது. பெண் கேட்டுப் போகிற வீட்டில் அவர் கண்முன்னால் ஒட்டகம் கறக்கவேண்டும், அந்தப் பாலைக் குடித்த பிறகுதான் பேச்சு. மூத்த மகனுக்குப் பெண் பார்த்தபோது ஒரு வீட்டில் பாக்கெட் பாலை மரக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தார்கள். நுரை இல்லை என்று கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார். இன்னொரு வீட்டில் ஒட்டகத்தின் காலைக் கட்டி, வாயைக் கட்டிக் கறந்தார்கள். அங்கே காப்பிகூடக் குடிக்கவில்லை. “ஒட்டகத்துக்கே பிடிக்காத வீட்ல நமக்கு என்ன சம்பந்தம்?” என்றாராம்.

“ஸம்ஹா பால் குடிக்க வர்றேன்” என்று அவர் சொல்லியனுப்பியதும் ஹுவைஷிலைக் கையால் பிடிக்கமுடியவில்லை.

“கேட்டியா நத்ராம்மா? பொண்ண பாக்க வரல. ஸம்ஹாவ பாக்க வர்றாரு. என் குரல் கேட்டாலே அவளுக்கு மடி சுரந்துரும்னு அவரு காதுக்கும் போயிருக்கு.”

“உங்க வாயிலேருந்து போகாத சேதி எது?” என்றேன்.

விருந்தாளி வரப்போகிறார் என்றால் வீட்டில் இருக்கும் பெண் என்ன செய்வாள்? சுத்தம் செய்வாள். விரிப்புகளை உதறினேன், காப்பிக் கெண்டியைத் தேய்த்தேன், அங்கியைத் துவைத்தேன். ஒரு தடவையில் விடவில்லை. முதல் தண்ணீர் தார் மாதிரி வந்தது. கடைசித் தண்ணீர் தெளிந்தபோது அங்கி சாம்பல் நிறம் என்று தெரிந்தது. ரோஜாப்பூ வாசனைத் தூள் போட்டிருந்தேன். காய்ந்ததும் முகத்தில் வைத்துப் பார்த்து, எனக்கே பெருமையாக இருந்தது.

அன்று சாயங்காலம் ஹுவைஷில் இருட்டுகிற அவசரத்தில் அங்கியை மாட்டிக்கொண்டு கறக்கப் போனார். சளி பிடித்திருந்ததால் அவருக்கு ரோஜா தெரியவில்லை. ஸம்ஹாவுக்குச் சளி இல்லை.

அவர் வழக்கமான பாட்டை எடுத்தார். அவள் திரும்பி, அங்கியை முகர்ந்தாள். கொஞ்சநேரம் யோசித்தாள். பிறகு வயிற்றின் அடியிலிருந்து பச்சையாக ஏதோ ஒன்றைக் கொண்டுவந்து அவர் மார்பில் துப்பினாள். அவர் விடவில்லை, காலை மடக்கி நின்றார். அவள் பின்னங்காலால் கிண்ணத்தை எற்றினாள். கிண்ணம் ஆட்டுப்பட்டியில் போய் விழுந்தது.

ஹுவைஷில் திரும்பி வந்தபோது முகம் செத்துப்போயிருந்தது.

“அவ என்னை யாருன்னு கேக்குறா” என்றார். “அங்கிக்கு என்ன ஆச்சு?”

“துவைச்சேன்.”

அவர் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். யாரோ செத்த வீட்டில் உட்காருவதுபோல இருந்தது. அப்போதுதான் உண்மை வெளியே வந்தது. கன்று போனதும் ஸம்ஹா பாலை அடக்கிக்கொண்டாளாம். என்ன பாடியும் இறக்கவில்லையாம். ஒருநாள் குளிருக்கு இந்த அங்கியை மாட்டிக்கொண்டு போனாராம், முகர்ந்து பார்த்ததும் பாலை விட்டாளாம். அன்றிலிருந்து அங்கி இல்லாமல் ஒரு சொட்டும் கிடையாதாம்.

“அப்ப குரல் கேட்டு சுரக்குதுன்னு ஊரெல்லாம் சொன்னது?” என்று கேட்டேன்.

“குரலும் கூட இருந்துச்சுல்ல.”

“என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா நீ ஊரெல்லாம் சொல்லிருவ” என்றார், கொஞ்சமும் கூசாமல்.

நத்ரா இதையெல்லாம் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் கண் கலங்கியதைப் பார்த்ததும் எனக்குச் சண்டை போடும் ஆசை போய்விட்டது. வேறு ஒட்டகம் எதுவும் பால் தரும் நிலையில் இல்லை. எல்லாம் சினை. பகீத்தை வேறொரு நாள் வரச் சொன்னால் பால் வற்றிய வீடு என்று சம்பந்தத்தையே விட்டுவிடுவார். அவர் வர நடுவில் ஒருநாள்தான் கையில் இருந்தது.

“அழாதடி” என்றேன். “நாத்தம்தான வேணும்? போனத மறுபடி கொண்டுவந்துரலாம்.”

சொல்வது சுலபம். ஒரு அங்கியில் நாற்றம் ஊற எத்தனையோ வருஷம் ஆகும். நாங்கள் விடிந்ததும் ஆரம்பித்தோம். முதலில் அங்கியை ஸம்ஹா படுக்கிற இடத்தில் போட்டுப் புரட்டினோம். பிறகு ஒரு கிழட்டுக் கிடாவின் முதுகில் கட்டிவிட்டோம். கிடா அதோடு ஓடிப்போய் முள்மரத்தில் மாட்டிக்கொண்டது. பிறகு பிக்கப்பின் அடியில் டீசல் சொட்டுகிற இடத்தில் விரித்தோம். ஹுவைஷில் டீசல் வாசனை தன்னுடையதில்லை என்றார். நத்ரா அதுதான் அவருடைய முக்கியமான வாசனை என்றாள். அவர் எப்போதும் கொறிக்கிற காய்ந்த சுறா மீனைப் பொட்டலம் கட்டி அங்கிப் பையில் வைத்தோம். விறகுப் புகையில் பிடித்தோம்.

ஒவ்வொரு தடவையும் கொண்டுபோய் ஸம்ஹாவிடம் காட்டினார். ஒவ்வொரு தடவையும் அவள் ஒரு பக்க மூக்கை மட்டும் திறந்து முகர்ந்துவிட்டு மூடிக்கொண்டாள். மணற்காற்று அடிக்கும்போது மூக்கை மூடிக்கொள்வாளே, அதே மாதிரி.

“வேர்வை இல்லப்பா” என்றாள் நத்ரா. “எல்லாம் இருக்கு, உங்க வேர்வைதான் இல்ல.”

அதற்கும் வழி கண்டுபிடித்தாள். அங்கியை அவருக்கு மாட்டிவிட்டு மணல்மேட்டில் ஓடச் சொன்னாள். அவர் பத்தடி ஓடிவிட்டு உட்கார்ந்தார். அவள் பிக்கப்பைக் கிளப்பி, ஹார்னை அடித்துக்கொண்டே பின்னாலேயே போனாள். பெற்ற தகப்பனை மகள் வண்டியால் மேடு மேடாக விரட்டுவதை நான் கீழிருந்து பார்த்தேன். சிரிக்கக்கூடாது என்றுதான் நினைத்தேன். சிரித்துச் சிரித்து வயிறு பிடித்துக்கொண்டது.

அவர் சொட்டச் சொட்ட வந்து ஸம்ஹாவின் முன்னால் நின்றார். அவள் முகர்ந்தாள். நத்ராவும் நானும் தூரத்தில் நின்று பார்த்தோம். அவள் அவருடைய தலைத்துணியைப் பல்லால் உருவி, மென்று பார்த்து, கீழே போட்டாள்.

“நான் ஒரு யோசனை சொல்லட்டா?” என்றாள் நத்ரா, இரவுச் சாப்பாட்டின்போது. “அம்மா, நீங்க நாளைக்கு முழுக்க அத மாட்டிக்கிட்டே சமைங்க. வீட்டு வாசனை ஏறும்.”

வேறு வழி? மறுநாள் காலையிலிருந்து அந்த அங்கியைப் போட்டுக்கொண்டே வெட்டிய ஆட்டுக்கறியைக் கழுவினேன், சோறு வடித்தேன், காப்பிக்கொட்டை வறுத்தேன், ஏலக்காய் இடித்தேன். நெருப்புப் பக்கத்தில் நிற்பவளுக்குக் கம்பளி அங்கி வேறு. எனக்கு வேர்த்த வேர்வையில் ஒரு கிணற்றை நிரப்பியிருக்கலாம். ஹுவைஷில் அவ்வப்போது வந்து என் தோளில் மூக்கை வைத்து, “இன்னும் வரல” என்று சொல்லிவிட்டுப் போனார். கல்யாணம் ஆன புதிதில்கூட அவர் என்னை அத்தனை தடவை முகர்ந்ததில்லை.

வெயில் சாயும் நேரத்தில் பகீத்தின் வண்டி வந்தது. பகீத், அவர் மனைவி ஷம்ஸா, பின்சீட்டில் ஹமூத். பகீத் இறங்கியதும் ஹுவைஷிலும் அவரும் மூக்கோடு மூக்கு தொட்டு வணங்கிக்கொண்டார்கள். பகீத் ஒரு கணம் நின்று காற்றை இழுத்தார்.

“டீசல் லீக் ஆகுதா தம்பி?” என்றார்.

“வண்டி பழசு அண்ணே” என்றார் ஹுவைஷில்.

மரத்தடியில் விரிப்பில் உட்கார்ந்ததும் சேதி கேட்கும் சடங்கு. எங்கள் ஊரில் சேதி கேட்காமல் யாரும் எதுவும் பேசமுடியாது. கேட்கிறவர் கேட்பார், பதில் சொல்கிறவர் முதலில் ஒன்றுமில்லை என்றுதான் சொல்லவேண்டும். வருகிற வழியில் வண்டி கவிழ்ந்திருந்தாலும் முதல் பதில் அதுதான். அதற்குப் பிறகு மெல்லக் கவிழ்ந்த வண்டிக்கு வருவார்கள்.

“சேதி என்ன அண்ணே? வழியில என்ன கண்டீங்க, என்ன கேட்டீங்க?”

“ஒண்ணும் காணல, ஒண்ணும் கேக்கல.”

“எல்லாம் நல்லதுதான?”

“நல்லதுதான்.”

இப்படிப் போய், மழை எங்கே பெய்தது, யாருடைய ஒட்டகம் பந்தயத்தில் பாதியில் திரும்பி ஓடியது என்று ஊர்க்கதை முழுவதும் வந்தது. இந்தப் பக்கம் ஷம்ஸா என்னோடு பெண்கள் பகுதியில் உட்கார்ந்திருந்தாள். அகலமான, அமைதியான பெண்மணி. இடுப்பில் கையை வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தாள், வைத்துக்கொண்டுதான் எழுந்தாள். நான் விருந்தாளியின் முன்னால் அழுக்குக் கம்பளி அங்கியோடு நிற்பதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஒரு தடவை அங்கியைப் பார்த்தாள், ஒரு தடவை ஸம்ஹா நிற்கும் பக்கம் பார்த்தாள், பேரீச்சம்பழம் எடுத்துக்கொண்டாள்.

பகீத் மூன்றாவது காப்பிக்குப் பிறகு கிண்ணத்தை ஆட்டிக் காட்டினார். போதும் என்று அர்த்தம். “சரி தம்பி” என்றார். “ஸம்ஹா எங்க?”

ஹுவைஷில் எழுந்து கூடாரத்தின் பின்பக்கமாக வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. “அங்கிய குடு” என்று வாயசைத்தார்.

என் கையில் மரக் கிண்ணம் இருந்தது. கழற்றிக் கொடுக்க நேரமில்லை. “நடங்க, அங்க வந்து கழட்டித் தர்றேன்” என்று அங்கியோடேயே அவருக்கு முன்னால் நடந்தேன். ஸம்ஹா சரிவில், நீலத் தண்ணீர் டிரம் பக்கத்தில் நின்றாள். மரத்தடியிலிருந்து பார்த்தால் அவளுடைய ஒரு பக்கம் தெரியும். நாங்கள் மறுபக்கமாகப் போனோம். டிரம்மின் மறைவில் நின்று நான் அங்கியின் கழுத்தைப் பிடித்தேன்.

ஸம்ஹா தலையைத் திருப்பினாள்.

கன்று போனதிலிருந்து நான் அவள் பக்கத்தில் வரவில்லையே. அவள் என்னைப் பார்த்தாள். இரண்டு பக்க மூக்கையும் விரித்து முகர்ந்தாள். அங்கியை இல்லை, என் கழுத்தை. பிறகு தொண்டைக்குள் மெதுவாக முனகினாள். கன்றைக் கூப்பிடும் முனகல் அது. அப்படியே கழுத்தை வளைத்துத் தாடையை என் தோளில் வைத்தாள். அதே தோள். அவளும் மறக்கவில்லை என்று தெரிந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. என்ன செய்வதென்று தெரியாமல் நானும் முனகினேன், பாட்டு வராத அதே முனகல்.

கீழே டப் டப் என்று சத்தம் கேட்டது. ஹுவைஷில்தான் முதலில் பார்த்தார். காம்பிலிருந்து பால் தானாக மணலில் சொட்டிக்கொண்டிருந்தது.

அவர் கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டு மடியடிக்குப் போனார். அவர் கை பட்டதும் சொட்டு நின்றது. கையை எடுத்தார், மறுபடி சொட்டியது. கை வைத்தார், நின்றது. தண்ணீர்க் குழாயைத் திருகுவதுபோல இருந்தது.

“நாத்தமில்ல” என்றார், மெல்லிய குரலில். “நீதான்.”

“இப்ப என்ன செய்ய?”

அவர் மரத்தடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மணலில் வீணாகிற பாலைப் பார்த்தார். நத்ரா பழத்தட்டோடு சிலைபோல நிற்பதையும் பார்த்தார். தன் தலைத்துணியை அவிழ்த்து என் தலையில் சுற்றி, முந்தியை மூக்குவரை இழுத்துச் செருகினார். எங்கள் பெண்கள் போடும் முகத்திரைக்கு மூக்கின்மேல் விறைத்த பட்டை உண்டு, அது உள்ளிருந்து கூடாரம்போலத் துருத்திக்கொண்டு நின்றது. கிண்ணத்தை என் கையில் திணித்துவிட்டு, அவர் டிரம்முக்குப் பின்னால் குந்திக்கொண்டார். மரத்தடியிலிருந்து பார்த்தால் ஸம்ஹாவுக்கு அந்தப் பக்கம் அங்கியும் தலைத்துணியும் மட்டும்தான் தெரியும்.

நான் ஒல்லியில்லை. ஒற்றைக் காலில் நிற்பது பார்க்கும்போது சுலபமாக இருக்கும். இடது காலில் நின்று, வலது காலை மடக்கி, தொடைமேல் கிண்ணத்தை வைத்தேன். மணல் கீழே நழுவியது. “விழப்போறேன்” என்றேன். டிரம்முக்குப் பின்னாலிருந்து இரண்டு கைகள் வந்து என் முதுகைத் தாங்கின.

கறந்தேன். ஆடு கறந்த கைக்கு அது ஒன்றும் பெரிதில்லை. சர்ர் சர்ர் என்று பால் இறங்கி நுரை ஏறியது. அங்கியின் கை நீளம், இரண்டு தடவை பாலில் தோய்ந்தது. ஸம்ஹா கண்ணை மூடி அசைபோட்டுக்கொண்டிருந்தாள்.

மரத்தடியிலிருந்து பகீத்தின் குரல் வந்தது. “ஹமூத், பாருடா. பாட்டுகூட பாடல. சும்மா முனகுறான், அதுக்கே கொட்டுது. கால் பாத்தியா, அசையவே இல்ல.”

அசையாமல் இருக்குமா? ஒரு ஆண்பிள்ளை குந்தி உட்கார்ந்து தாங்கிக்கொண்டிருக்கிறார்.

“தம்பி குண்டாயிட்டான் போல” என்றும் சொன்னார்.

கிண்ணம் நிறைந்து நுரை விளிம்பில் நின்றது. இன்னும் ஒரு நிமிஷம் இருந்திருந்தால் அங்கியையும் துணியையும் மாற்றிக்கொண்டு அவரை அனுப்பியிருப்பேன். ஆனால் பால் கொடுத்து முடித்த ஸம்ஹாவுக்குத் தாகம். அவள் சாவதானமாக நாலு எட்டு முன்னால் வைத்து, டிரம்மின் பக்கம் வந்து, அதைத் தலையால் தள்ளிப் பார்த்தாள். காலி டிரம். அது கடகடவென்று சரிவில் உருண்டு போனது.

பகீத்தின் கண்ணுக்கு நேரே நாங்கள் இருந்தோம். ஒற்றைக் காலில் நான், பின்னால் குந்திக்கொண்டு என்னைத் தாங்கும் மொட்டைத்தலை ஹுவைஷில். திடுக்கிட்டதில் என் தலைத்துணியும் அவிழ்ந்து விழுந்தது. முகத்திரையோடு, கையில் நுரை தளும்பும் கிண்ணத்தோடு நின்றேன். காலைக் கீழே வைக்கவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

நத்ராவின் தட்டிலிருந்து ஒரு பழம் உருண்டு விழுந்தது. ஹமூத் தரையைப் பார்த்தான். பகீத்தின் தாடி மட்டும் லேசாக ஆடியது. முடிந்தது, என் மகளின் கல்யாணத்தை ஒரு காலி டிரம் உருட்டிக்கொண்டு போய்விட்டது என்று நினைத்தேன்.

அப்போது பெண்கள் பகுதியிலிருந்து ஷம்ஸா எட்டிப் பார்த்தாள். இடுப்பில் கை.

“தங்கச்சி, இடது கால்ல நிக்காத” என்றாள். “வலது கால்ல நில்லு. நான் இடது கால்ல நின்னு நின்னுதான் எனக்கு இடுப்பே போச்சு.”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு உள்ளே இழுத்துக்கொண்டாள்.

இப்போது எல்லாரும் பகீத்தைப் பார்த்தோம். ஹமூத்கூட நிமிர்ந்து தகப்பனைப் பார்த்தான். அந்தப் பெரிய மனிதர் வானத்தைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார். காப்பிக் கெண்டியை ஏதோ புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அவர் காது இரண்டும் சிவந்திருந்தன.

ஹுவைஷில் மெல்ல எழுந்து நின்றார். தலையில் துணி இல்லாமல், மணல் ஒட்டிய முட்டியோடு, என்ன பேசுவதென்று தெரியாமல், தெரிந்த ஒன்றைப் பேசினார்.

“சேதி என்ன அண்ணே?” என்றார். “என்ன கண்டீங்க?”

பகீத் தொண்டையைச் செருமினார்.

“ஒண்ணும் காணல” என்றார். “ஒண்ணும் கேக்கல. பால எடுத்துட்டு வா, நுரை அடங்குது.”

கிண்ணம் போனது. பகீத் நின்றுகொண்டே ஒரு நீண்ட மடக்குக் குடித்தார். மீசை வெள்ளையானது. துடைக்கவில்லை. ஹமூதிடம் கொடுத்தார், அவன் குடித்துவிட்டு நத்ரா பக்கம் ஒரு பார்வை பார்த்தான். ஷம்ஸாவுக்குப் போனது, நத்ராவுக்குப் போனது. பிறகு ஹுவைஷில் வழக்கம்போலக் கடைசிக்காரராகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“நீ ஏன் நிக்கிற?” என்றார் பகீத். “குடி.”

“நான் கடைசியில அண்ணே.”

“கறந்தவங்கதான கடைசி” என்றார் பகீத், என் பக்கம் பார்க்காமல். “நீ குடிச்சிட்டுக் குடு.”

ஹுவைஷில் கிண்ணத்தை வாங்கினார். பிறகு ஒரே ஒரு வாய் குடித்துவிட்டு, இரண்டு கையாலும் ஏந்தி அதை என்னிடம் கொண்டுவந்தார். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவர் எனக்கு எதையும் இரண்டு கையால் கொடுத்ததில்லை. நான் அப்படியே ஸம்ஹாவின் பக்கத்தில் நின்று, கிண்ணத்தின் அடிவரை குடித்தேன். பின்னால் கல்யாணப் பேச்சு ஆரம்பித்துவிட்டது.

பாலில் லேசாக ரோஜாப்பூ வாசம் அடித்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை.